எந்தக் கம்பி?

ஆங்கிலம் தெரியாதவனால் வரும் கேடு கொஞ்சம்தான். அவன் வாயை மூடிக்கொண்டிருப்பான். அரைகுறையாகத் தெரிந்தவன் இருக்கிறானே, அவன் கையில் மட்டும் பேனாவைக் கொடுக்கக் கூடாது. என் கையில் கொடுத்தார்கள். தேயிலைத் தொழிற்சாலை ஆபீசில் என்னைச் சின்னக் கிராணியாக உட்கார வைத்தார்கள். (சின்னக் கிராணி என்றால் கணக்கெழுதும் இளைய குமாஸ்தா, அவ்வளவுதான். என் நடையைப் பார்த்தவர்கள் கவர்னர் என்று நினைத்திருப்பார்கள்.)

மலாயாவின் கேமரன் மலையில் அது அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் பட்டாளம், தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி. அந்தக் கம்பியை யார் எப்போது அறுப்பார்களோ என்பதே தோட்டத்துத் துரையின் ஓயாத கவலை.

தோட்டத்தில் இன்னொரு கம்பியும் இருந்தது. எதிர்மலையில் பறித்த கொழுந்தைச் சாக்கில் கட்டி, கொக்கியில் மாட்டினால், பள்ளத்தாக்குக்கு மேலே தொழிற்சாலை வரை இழுத்துக்கொண்டு வரும் இரும்புக் கயிறு அது. அதையும் கம்பி என்றுதான் சொல்வோம். எதிர்மலை மேடையில் சாக்கு மாட்டும் வேலை என் அக்கா பாக்கியத்துக்கும் அவள் கூட்டாளி செல்லாயிக்கும். இந்தப் பக்கம் இறக்கும் சாக்கை எண்ணும் வேலை எனக்கு.

ஒருநாள் எண்ணிக்கொண்டிருந்தபோது, நகர்ந்துவந்த கம்பி என் சட்டைக் கையைக் கிழித்துவிட்டது. எனக்கிருந்த ஒரே நல்ல சட்டை. கோபத்தோடு குனிந்து பார்த்தேன். கம்பியின் இழைகள் அறுந்து, விளக்குமாற்றுக் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. இது போனால் அக்காவின் தலைமேல்தான் வந்து விழும். கம்பியை நிறுத்தும் அதிகாரம் துரைக்கு மட்டும்தான். ஓடிப்போய் அவர் கதவைத் தட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் துரைக்கு மெமோ எழுதும் சந்தர்ப்பம் அதுவரை எனக்கு வாய்த்ததில்லை.

மூன்று பக்கம் எழுதினேன். முதல் பக்கத்தில் துரையின் உடல்நலத்தையும் துரைசாணியின் ரோஜாச் செடிகளையும் விசாரித்தேன். இரண்டாம் பக்கத்தில் என் தாழ்மையை விவரித்தேன். (ஒரு பக்கம் முழுக்கத் தாழ்மை.) மூன்றாம் பக்கத்தின் அடியில்தான் விஷயம். 'கம்பி அறுந்துகொண்டிருக்கிறது' என்று மனதுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்து, அப்படியே ஆங்கிலமாக்கினேன்: 'வயர் இஸ் பீயிங் கட்.' எந்தக் கம்பி என்று எழுதவில்லை. எனக்குத் தெரிந்தது துரைக்குத் தெரியாதா?

சாயங்காலம் அக்காவுக்கு வாசித்து, தமிழில் அர்த்தமும் சொன்னேன். அக்கா சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரி தம்பி. இதுல எம்பேரு எங்க? செல்லாயி பேரு எங்க?"

"ஆபீஸ் லெட்டர்ல பேரெல்லாம் போடக்கூடாதுக்கா."

"அப்ப யாரு தலையில விழும்னு துரைக்கு எப்படித் தெரியும் லா?"

"அவரு படிச்சவரு. புரிஞ்சுக்குவாரு."

நாளைக்கு வேலைக்குப் போகாதே என்று அவளிடம் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அதுதான் மெமோ எழுதியாயிற்றே.

மறுநாள் காலை மெமோவைத் துரையின் மேசையில் வைத்தேன். முதல் இரண்டு பக்கங்களைத் தள்ளிவிட்டுக் கடைசி வரிக்கு வந்தவர், முகம் சிவந்து டெலிபோனை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் ரிங்லெட்டிலிருந்து பட்டாளம் லாரிகளில் வந்து இறங்கி, வேலியைச் சுற்றித் துப்பாக்கியோடு நின்றது. எனக்குப் புல்லரித்தது. கம்பியைப் பழுது பார்க்க ராணுவத்தையே வரவழைத்திருக்கிறார் என்று நினைத்தேன். (நிஜமாகவே நினைத்தேன்.)

பட்டாளம் ரோட்டை அடைத்தது. லாரி ஓடக்கூடாது. பறித்த கொழுந்து கிடந்தால் கெட்டுப்போகும். ஆகவே லாரியில் வரவேண்டிய கொழுந்தையும் சேர்த்துக் கம்பியிலேயே அனுப்பச் சொல்லித் துரை உத்தரவு போட்டார். அந்த உத்தரவை எதிர்மலைக்குச் சொல்லிவிட்டு வந்த பெரிய கிராணி, என் மேசை அருகே நின்றார்.

"தம்பி, நீ எழுதுனது எந்தக் கம்பி?"

"கொழுந்துக் கம்பிங்க ஐயா."

"அட பாவி. துரை முள்கம்பின்னுல்ல நெனச்சுக்கிட்டு இருக்காரு. கம்யூனிஸ்ட்காரன் வேலிய அறுக்கிறான்னு."

துரையின் அறைக்கு ஓடினேன். மூன்று பக்கம் எழுதிய ஆங்கிலம் மொத்தமும் என்னைக் கைவிட்டது. "சார், நாட் யுவர் வயர். மை சிஸ்டர் வயர்," என்றேன். பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். இதில் பெரிய கேவலம், அந்தத் துரைக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். தினமும் காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் ஆள்களைத் தமிழில்தான் திட்டுவார். 'அக்கா தலையில கம்பி விழப்போவுது' என்று நான் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே புரிந்திருக்கும். அவர் வாய் திறப்பதற்குள் பள்ளத்தாக்கில் சத்தம் கேட்டது.

அறுந்த கம்பி எதிர்மலை மேடையைச் சுழற்றி அடித்திருந்தது. செல்லாயி அங்கேயே இறந்துபோனாள். அக்காவின் இடது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது. எனக்கு வேலை கிடைத்தபோது, "நம்ம பையன் கிராணியாயிட்டான்" என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் செல்லாயி.

பட்டாளத்தார்தான் அக்காவை ஸ்ட்ரெச்சரில் தூக்கி, தங்கள் லாரியிலேயே தாப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என்னால் கூடப் போக முடியவில்லை. என்னைப் போலீஸ் பிடித்துக்கொண்டது. கம்பி அறுபடும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தவன் காட்டு ஆள்களுக்கு வேண்டியவனாகத்தானே இருக்க வேண்டும்? "யார் அறுத்தது?" என்று மலாய்க்கார சார்ஜென்ட் திரும்பத் திரும்பக் கேட்டார். நான் ஆங்கில இலக்கணத்தை எடுத்து விளக்கினேன். (அறை விழுந்தது.)

மறுநாள் பெரிய கிராணி போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தார். "புக்கான் டிப்போத்தோங், துவான். பூத்துஸ்," என்றார். யாரோ வெட்டினால் மலாயில் ஒரு சொல், தானாக அறுந்தால் வேறு சொல். சார்ஜென்ட் தலையை ஆட்டிவிட்டு என்னைப் போகச் சொன்னார்.

அக்கா ஒற்றைக் காலோடு வீடு திரும்பினாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இதைச் சிரிக்கிற கதையாக மாற்றியவளும் அவள்தான். "எனக்கு ஸ்ட்ரெச்சர் தூக்க முன்னாடியே பட்டாளத்த வரவழைச்சவன் எந்தம்பி," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அதன்பின் நான் எதை எழுதினாலும், கடைக்குச் சாமான் சீட்டு எழுதினாலும்கூட, அவளிடம் வாசித்துக் காட்டியாக வேண்டும் என்பது வீட்டுச் சட்டமாகிவிட்டது.

என் மகளின் கல்யாணப் பத்திரிகையையும் அப்படித்தான் வாசித்தேன். அக்கா அடுத்துக் கேட்கப்போவது தெரிந்து, பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள்.

"எல்லாம் சரி தம்பி," என்றாள் அக்கா. "யாரு பேராச்சும் விட்டுப்போச்சா?"

வீடே சிரித்தது. அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், "செல்லாயி பேரு விட்டுப்போச்சு," என்று எப்போதும்போல் அவளே பதில் சொன்னாள்.