நாற்பத்தொன்றாம் எண்ணும் ஒரு டின் தேங்காய் எண்ணெயும்

விளையாட்டுச் சாமான்களைக் கடையில் போய் வாங்குகிறவனுக்கு வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று தெரியாது. இது என் உறுதியான கருத்து. டில்லியில் குளிர் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் சோதித்துப் பார்த்தேன். சோதனையின் முடிவில் ஒரு நீச்சல்குளத்தின் அடியில் என் உடலைத் தேடினார்கள். இருந்தாலும் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

அப்போது நான் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் உதவி ஆசிரியர். வேலை, மற்றவர்கள் எழுதியதை வெட்டுவது. எழுதிய நிருபரின் பெயர் கட்டுரைக்கு மேலே கொட்டை எழுத்தில் வரும். வெட்டியவன் பெயர் எங்கும் வராது. நாகர்கோவிலில் இருந்த என் மாமனார் அந்தப் பத்திரிகைக்குச் சந்தா கட்டியிருந்தார். தலைப்புச் செய்தியிலிருந்து டெண்டர் விளம்பரம் வரை தேடிவிட்டு, மாப்பிள்ளை உண்மையிலேயே அங்கேதான் வேலை பார்க்கிறாரா என்று என் மனைவி சாரதாவிடம் கேட்டு எழுதுவார். நியாயமான சந்தேகம். செய்தி ஆசிரியனாக இருந்தால் நானும் ஆதாரம் கேட்டிருப்பேன்.

ஆசியப் போட்டிகள் முடிந்து, ஊரில் புது நீச்சல்குளங்களும் அகலமான ரோடுகளும் சும்மா கிடந்த காலம். ஒரு கிளப் 'டிரையத்லான்' என்று ஒன்றை அறிவித்தது. முதலில் நீச்சல், ஈரம் காய்வதற்குள் சைக்கிள், சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓட்டம். எங்கள் விளையாட்டுப் பகுதி ஆசிரியர் மல்ஹோத்ரா, யாராவது நேரில் கலந்துகொண்டு அனுபவத்தை எழுத வேண்டும் என்றார். நிருபர்கள் அனைவருக்கும் ஒரே நேரத்தில் முட்டிவலி வந்தது. நான் கையைத் தூக்கினேன்.

"தும்?" என்றார் மல்ஹோத்ரா, கண்ணாடியைக் கழற்றி.

"நான்தான். மேலே என் பெயர் போடுவீர்களா, சாப்?"

"முடித்தவர்கள் பட்டியலில் உன் பெயர் இருந்தால் அரைப் பக்கம், பெயரோடு. பட்டியலில் இல்லை என்றால் ஒரு வரிகூடக் கிடையாது. அச்சா?"

அச்சா என்றேன்.

இந்தப் பந்தயத்துக்கு வேண்டிய பொருள்களைப் பற்றி ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்தேன். எடை குறைந்த சைக்கிள், தனி உடை, தனிச் செருப்பு, தண்ணீர் குளிர்ந்தால் உடம்பை ஒட்டிய ரப்பர் அங்கி. இத்தனையையும் வாங்கினால் வாடகைக்குக் காசிருக்காது, பந்தயத்தை முடித்துவிட்டு வீட்டுக்கு வராமல் நேராக ஊருக்குப் போய்விட வேண்டியதுதான். நான் ஒன்றையும் வாங்கவில்லை.

கால்சட்டையைச் சாரதா பழைய குடைத் துணியில் தைத்துக் கொடுத்தாள் (மழையில் நனையாத துணி குளத்தில் மட்டும் நனைந்துவிடுமா?). சைக்கிளை ஜனக்புரியில் இருந்த ஊர்க்கார நண்பன் மணியிடம் கேட்டேன். அவன் வங்கி குமாஸ்தா. எதையும் கையெழுத்து வாங்காமல் கொடுத்துப் பழக்கமில்லாதவன்.

"வேய், சைக்கிளக் கொண்டு போரும். ஆனா திருப்பித் தரும்போ அது சைக்கிளா இருக்கணும், கேட்டீரா?"

அது அன்றே கஷ்டமாகிவிட்டது. எடையைக் குறைக்க ஸ்டாண்டு, கேரியர், மட்கார்டுகள், செயின் கவர், பெல் எல்லாவற்றையும் கழற்றினேன். மிச்சமிருந்தது பந்தய சைக்கிள் என்று நான் நினைத்தேன். கரோல் பாக்கில் எங்கள் மாடியறைக்குக் கீழே குடியிருந்த வீட்டுக்காரப் பஞ்சாபி அம்மாள், சைக்கிள் திருட்டுப் போய்ப் பாதி மட்டும் கிடைத்திருக்கிறது என்று நினைத்து வருத்தம் தெரிவித்தார்.

பயிற்சிக்கும் செலவில்லை. ஓட்டத்துக்கு, காலையில் பஸ் கிளம்பும் வரை காத்திருந்து அதன் பின்னால் ஓடுவேன். நீச்சல்குளக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க, மொட்டைமாடியில் மோடா என்கிற பிரம்பு முக்காலி மேல் குப்புறப் படுத்து, கையையும் காலையும் வீசிப் பழகினேன். (வீட்டுக்கார அம்மாள் சாரதாவைத் தனியாக அழைத்து, டாக்டரிடம் காட்டியாகிவிட்டதா என்று விசாரித்தது இந்தக் கட்டத்தில்தான்.)

ரப்பர் அங்கி ஒன்றுதான் பாக்கி. கடலை நீந்திக் கடப்பவர்கள் குளிர் தாக்காமலிருக்க உடம்பெல்லாம் கொழுப்பு தடவிக்கொள்வார்கள் என்று எப்போதோ ஒரு செய்தியை நானே வெட்டியிருக்கிறேன். வீட்டில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய ஒரு டின் தேங்காய் எண்ணெய் இருந்தது. நாகர்கோவில்காரர்களுக்குச் சமையலுக்கும் அதுதான், தலைக்கும் அதுதான். நீச்சலுக்கும் ஏன் ஆகாது?

"இது ஒறைஞ்சு போவும்லா?" என்றாள் சாரதா. "தலையெண்ணெ பாட்டிலத் தெனமும் வெயில்ல கொண்டு வைக்கது நீங்கதானே?"

"அது பாட்டில். இது உடம்பு. உள்ளே சூடு இருக்கு."

தர்க்கத்தில் பிழையில்லை.

ஞாயிறு காலை குளக்கரையில் எண்ணெயைக் கை நிறைய அள்ளி, படிந்ததன் மேல் மறுபடியும் அள்ளிப் பூசினேன். கிளப்காரர்கள் என் கட்சி என்பது அப்போதுதான் தெரிந்தது. துணியில் எண் அச்சடிக்கும் செலவை மிச்சம் பிடித்து, போட்டியாளர் கையிலேயே மார்க்கர் பேனாவால் எண்ணை எழுதினார்கள். என் எண் நாற்பத்தொன்று. எழுத வந்த பெண் என் புஜத்தில் பேனாவை வைத்தாள். பேனா வழுக்கிக்கொண்டு முழங்கை வரை போனது.

"பையா, யே க்யா லகாயா ஹை?"

தேங்காய் எண்ணெய் என்றேன். அவள் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு மறுபடி எழுதினாள். மங்கலாக ஏதோ விழுந்தது. "சலேகா," இது போதும் என்று அனுப்பிவைத்தாள்.

தண்ணீருக்குள் குதித்ததும் மூச்சு நின்றது. பிறகு வந்தது. நான் நன்றாகவே நீந்தினேன், மோடா வீண்போகவில்லை. ஆனால் பாதிக் குளத்தில் தோல் இறுகுவதுபோல் இருந்தது. கரையேறிக் கையைப் பார்த்தேன். வெள்ளை. காலும் வெள்ளை. பாட்டிலில் நடப்பது அப்படியே என் மேல் நடந்திருந்தது. கழுத்திலிருந்து கணுக்கால் வரை எண்ணெய் உறைந்து, விரல் மடக்கிய இடங்களில் வெடிப்பு விட்டிருந்தது.

"அரே, மோம்பத்தி!" என்று யாரோ கத்தினார்கள். மெழுகுவர்த்தி என்பது சரியான வர்ணனை. ஒரு கேமரா சொடுக்கியது. நான் சைக்கிளை நோக்கி ஓடினேன்.

அதன் பிறகு வெயில் வந்தது. எண்ணெய் உருகியது. கைப்பிடி நழுவியது, சீட் நழுவியது. பிரேக்கைப் பிடித்தால் விரல்தான் நகர்ந்தது, சைக்கிள் தன் வேகத்தில் போனது. ரோடு வேலைக்குக் கொட்டியிருந்த மண்ணெல்லாம் என் மேல் வந்து ஒட்டியது. மட்கார்டு இல்லாததால் பின்புறத்துக்குத் தனியாக ஒரு பூச்சு. வெள்ளையாகக் கிளம்பியவன் செங்கல் நிறத்தில் ஓட்டத்தைத் தொடங்கினேன். ஆனால் ஓடினேன். பஸ்ஸைத் துரத்தியவனுக்கு மனிதர்களைத் துரத்துவது பெரிதில்லை. வெளிநாட்டுச் செருப்புக்காரர்கள் இரண்டு பேரைத் தாண்டினேன். கடைசி ஆளாக வரவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

முடிவுக் கோட்டில் கைதட்டலைக் காணோம். கூட்டம் முழுவதும் குளத்தைச் சுற்றி நின்றது. இரண்டு பேர் மூழ்கி மூழ்கி எழுந்துகொண்டிருந்தார்கள். நடுவில் சாரதா ஓர் அதிகாரியின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, நாற்பத்தொன்று எங்கே என்று தன் இந்தியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"இக்தாலீஸ் நம்பர் கஹாங் ஹை? போலோ! ஜல்தி போலோ!"

"மேடம், உள்ளே இறங்கினது பட்டியலில் இருக்கு. வெளியே வந்தது இல்லை," என்றார் அவர் பரிதாபமாக.

நான் புஜத்தைப் பார்த்தேன். எண் இருந்த இடத்தில் ஒரு நீலக் கறை. "சாரதா," என்றேன். திரும்பினாள். முகத்தைப் பார்த்து அவளுக்குப் புரியவில்லை. கிட்டே வந்து மூச்சை இழுத்தாள். மணத்தில் புரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு முதுகில் ஓங்கி ஓர் அறை. கை வழுக்கிக்கொண்டு போனது.

"அவ்வளவு எண்ணெயையும் தேச்சாச்சா? அவியலுக்கு என்னத்த ஊத்த?"

தலைமை நடுவர் விதியை விளக்கினார். மூன்று இடத்திலும் எண்ணைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். நாற்பத்தொன்றை ஓரிடத்திலும் யாரும் பார்க்கவில்லை. அதனால் நாற்பத்தொன்று முடிக்கவில்லை. "ஆனால் நீங்கள் உயிரோடு இருப்பதில் மகிழ்ச்சி," என்று கை நீட்டினார். என் கையைப் பார்த்துவிட்டுக் கும்பிட்டார்.

அன்று மாலை எனக்கு வேலை நாள். கட்டுரையை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். மல்ஹோத்ரா அதைத் தொடவில்லை, பட்டியலைக் காட்டினார். "பட்டியலில் நீ இல்லை, பாய்."

"நான் முடித்தேன், சாப்."

"ஆதாரம்?"

அவர் இடத்தில் நானும் அதையே கேட்டிருப்பேன்.

சற்று நேரத்தில் என் மேஜைக்கு ஒரு புகைப்படம் வந்தது. முதல் பக்கத்துக்கு, மூன்று பத்தி அகலம். குளத்திலிருந்து ஏறும் வெள்ளை உருவம், பின்னால் வாய் பிளந்து நிற்கும் கூட்டம். நல்ல படம். கீழே போடும் குறிப்பை எழுத வேண்டியவன் நான். ஆசையாக என் பெயரை எழுதினேன். மல்ஹோத்ரா வந்து பார்த்தார். பேனாவை வாங்கிப் பெயரை அடித்தார். அதற்குப் பதிலாக நான் எழுதியது மறுநாள் நாடு முழுவதும் போயிற்று: 'நீச்சலை முடித்துக் கரையேறும் அடையாளம் தெரியாத போட்டியாளர்.'

சாரதா அதை வெட்டி, ஓரத்தில் 'உங்க மாப்பிள்ளை' என்று எழுதித் தன் அப்பாவுக்கு அனுப்பினாள். அவர் அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். வருகிறவர்கள் கேட்டால் குறிப்பை உரக்க வாசித்துக் காட்டுவார்.

இப்போது எங்கள் மகள் புனேயில் இருக்கிறாள். டில்லியில் பிறந்தவள், தமிழ் படிக்க வராது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தின் தமிழ் மட்டும் அவளுக்கு மனப்பாடம். போன் செய்யும்போது நான் எடுத்தால் கேட்பாள்:

"ஹலோ, அடையாளம் தெரியாத போட்டியாளரா? அம்மாவைக் கூப்பிடுங்க."

கூப்பிடுகிறேன். அந்தக் குறிப்பைப் பலமுறை படித்துப் பார்த்தாயிற்று. வெட்டுவதற்கு ஒரு சொல் இல்லை.