மயில் கழுத்து நிறத்தில் ஒரு காக்கிப் புடவை

புதிதாகக் கேமரா வாங்கியவனைக் கல்யாண வேலைகளின் பக்கமே விடக் கூடாது. எங்கள் வீட்டில் இது சட்டம். இயற்றியவள் என் தங்கை ஹேமா. இயற்றக் காரணமானவன் நான். இத்தனைக்கும் அன்று நான் எடுத்தவை மோசமான படங்கள் என்று இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. அருமையான படங்கள் அவை. ஒரு கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தன, அவ்வளவுதான்.

அப்போது நாங்கள் சரோஜினி நகரில் அப்பாவின் அரசாங்கக் குடியிருப்பில் இருந்தோம். நான் நொய்டாவில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கினால் போதும், உலகத்தில் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பு வந்துவிடும் வயது. போதாததற்கு அந்த வருஷம்தான் அந்தக் கேமராவை வாங்கினேன். டிஜிட்டல் கேமராதான். ஆனால் அதற்குள்ளேயே சில அமைப்புகளை மாற்றி வைத்தால், எடுக்கிற படம் அந்தக் கால ஃபிலிம் ரோலில் எடுத்ததுபோலவே வெளியே வரும். நிறங்களைக் கொஞ்சம் வெளுக்க வை, மஞ்சளையும் சிவப்பையும் ஏற்று, நிழலை மங்கலாக்கு, மேலே ரவை தூவினாற்போலப் புள்ளி சேர். நேற்று எடுத்த படத்தைப் பார்த்து இன்றைக்கே ஏக்கப் பெருமூச்சு விடலாம். நான் விட்டேன். அலுவலகத்தில் எல்லோரையும் விட வைத்தேன்.

ஹேமாவுக்குச் செந்திலைப் பேசி முடித்தார்கள். செந்திலுக்குக் குர்காவ்னில் கணினி வேலை. சொந்த ஊர் மதுரை. நிச்சயதார்த்தத்தைத் தில்லியிலேயே சுருக்கமாக வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. கரோல் பாக்கில் ஒரு ஸ்டூடியோக்காரருக்கு அப்பா சொல்லி வைத்திருந்தார். நான் அதைக் கேன்சல் செய்தேன்.

"அவர் எடுத்தா எல்லார் மூஞ்சியிலயும் பவுடர் அப்பின மாதிரி இருக்கும்பா. நான் எடுக்கறேன். படத்துல ஒரு ஆன்மா இருக்கும்" என்றேன்.

"ஆன்மா இருக்கட்டும், தலை இருக்குமா?" என்றார் அப்பா. (அப்பா சந்தேகப் பிராணி. அன்று அப்படித்தான் நினைத்தேன்.)

இங்கே ஒரு தொழில்நுட்ப விஷயம், ஒரே நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள். விவரம் தெரிந்தவர்கள் கேமராவில் இரண்டு பிரதி வைத்துக்கொள்வார்கள். ஒன்று கண்டதைக் கண்டபடி வைத்திருப்பது, அது அரிசி; இன்னொன்று நிறமெல்லாம் மாற்றிச் சமைத்தது, அது சாதம். சாதம் குழைந்து போனாலும் அரிசி கையில் இருக்கும், மறுபடி வடித்துக்கொள்ளலாம். நான் அரிசி வேண்டாம் என்று அணைத்துவிட்டேன். "ஃபிலிம் காலத்துல ரெண்டாவது சான்ஸ் உண்டா? அந்தத் துணிச்சல் வேணும்" என்று ஹேமாவிடம் சொற்பொழிவு வேறு ஆற்றினேன். அவள் மருதாணிக் கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள், பாவம்.

துணிச்சல் அதோடு நிற்கவில்லை. பழைய படங்களின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் தேதி விழுந்திருக்குமே, அந்த வசதியும் இந்தக் கேமராவில் இருந்தது. புதுத் தேதி விழுந்தால் என்ன அழகு? எனவே கேமராவின் காலண்டரைப் பின்னால் தள்ளினேன். நான் பிறந்த வருஷத்துக்கே போக ஆசைதான், அது சம்மதிக்கவில்லை. ஏழு வருஷம் பின்னால் போய் முரண்டு பிடித்து நின்றுவிட்டது. சரி, அதாவது கிடைத்ததே என்று விட்டுவிட்டேன்.

நிச்சயதார்த்தத்தன்று காலையில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மல்லிகைப் பூவும் வாழை இலையும் வாங்கி வந்த கையோடு, மண்டப வாசலில் ஒரு கட்டைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வந்தவர்களின் போன்களையெல்லாம் அதில் வாங்கிப் போட்டேன். "யாரும் போன்ல படம் எடுக்கக் கூடாது. கண்ணால பாருங்க, மனசுல வச்சுக்கோங்க. படத்துக்கு நான் இருக்கேன்." என் சித்தி மட்டும் எதிர்த்துப் பார்த்தார். அவர் போனையும் பிடுங்கிவிட்டேன்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து செந்திலின் அப்பாவும் சித்தப்பாவும்தான் வர முடிந்தது. அவன் அம்மா கிளம்புவதற்கு முந்தின வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு. ஆனால் அதற்கு முன்பே நிச்சயதார்த்தப் புடவையை அவரே எடுத்து வைத்திருந்தார். தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். ஹேமா உள்ளே போய் அதைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மயில் கழுத்து நிறம், அரக்குக் கரை. என் தங்கையை நானே ஒரு நிமிஷம் அடையாளம் தெரியாமல் பார்த்தேன், அப்படி இருந்தாள். சுடச்சுட எடுத்துத் தள்ளினேன்.

சாயங்காலம் சம்பந்தி ரயிலேறிப் போனார். நான் எடுத்ததிலேயே தலைசிறந்த படத்தை மதுரைக்கு அனுப்பினேன். ஹேமா மட்டும் தனியாக, மாலையோடு, ஜன்னல் வெளிச்சத்தில். சத்தியமாகச் சொல்கிறேன், கண்காட்சியில் வைக்கலாம்.

கால் மணி நேரத்தில் அம்மாவின் போன் அடித்தது. செந்திலின் அம்மா.

"மதினி, ஒரு படம் வந்துருக்கு. இது எந்த நிச்சயதார்த்தம்?"

அம்மாவுக்குப் புரியவில்லை. "எந்த நிச்சயதார்த்தம்னா? இன்னிக்கு நடந்ததுதான்."

"நான் குடுத்துவிட்டது மயில் கழுத்து. இதுல பொண்ணு காக்கிக் கலருல ஏதோ கட்டியிருக்கு. ஓரத்துல ஏழு வருசத்துக்கு முந்தின தேதி போட்டுருக்கு. மாலை கழுத்துல இருக்கு, பக்கத்துல என் பையன் இல்ல. நான் என்னன்னு நினைக்கறது?"

அம்மா போனைக் காதிலிருந்து எடுத்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எந்தக் கேமராவாலும் மங்கலாக்க முடியாது. நான் போனை வாங்கினேன். விளக்கினால் தீர்ந்துவிடும் என்ற தன்னம்பிக்கை எனக்கு எப்போதும் உண்டு.

"அத்தை, அது ஃபிலிம் லுக். வேணும்னே பழசா தெரியற மாதிரி செட்டிங் வச்சு எடுத்தது."

"வேணும்னேவா?"

"ஆமா அத்தை."

"சரி தம்பி, மத்த படத்தையும் அனுப்பு. என் பையன் இருக்கற படமா அனுப்பு."

அனுப்பினேன். அனுப்பும்போதுதான் எனக்கே ஒரு விஷயம் உறைத்தது. கலைக்கண்ணோடு எடுத்ததில், எல்லாப் படத்திலும் செந்திலின் தோள்தான் முன்னால் மங்கலாக இருந்தது. தோளுக்கு அப்பால் ஹேமா. அவன் முகம் தெரிந்த ஒரே படத்தில், நான் ஏற்றி வைத்த மஞ்சளில் அவன் மஞ்சள் காமாலை முற்றியவன்போல இருந்தான். அதை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. (பிறகு அதுவும் கைமாறிச் சொந்தக்காரர்களிடம் போயிற்று. அதைப் பார்த்து எங்கள் திருச்சி அத்தை மாப்பிள்ளைக்குக் கீழாநெல்லி கொடுக்கச் சொன்னது தனிக் கதை.)

"இந்தத் தோளு யாரோடது?" என்று மதுரையிலிருந்து கேள்வி வந்தது.

போன்களைப் பிடுங்கி வைத்ததால் வேறு யாரிடமும் ஒரு படம் கிடையாது. செந்தில் தன் அம்மாவைக் கூப்பிட்டு, "பக்கத்துல நான்தாம்மா உக்காந்திருந்தேன்" என்றான். "நீ உக்காந்திருந்த. இல்லைங்கல. இந்தப் படத்துல இருக்கறது அந்த நிச்சயமா, அதுக்கு முந்தி நடந்ததான்னுதான் கேக்கறேன். நீ அந்தப் பொண்ணுக்கு வக்காலத்து வாங்காத" என்று பதில். ரயிலில் போய்க்கொண்டிருந்த அவன் அப்பாவைச் சாட்சிக்குப் பிடித்தார்கள். அவர் நல்ல மனிதர். ஹேமா என்ன கட்டியிருந்தாள் என்று கேட்டதற்கு, "பட்டுப்புடவை" என்றார். என்ன கலர்? "நல்ல கலரு." அப்புறம் சிக்னல் போய்விட்டது.

புடவையை வீடியோ காலில் காட்டினோம். எங்கள் ஹாலில் ஒரு பக்கம் டியூப் லைட், மறு பக்கம் குண்டு பல்பு. டியூப் லைட் பக்கம் நீலம், பல்பு பக்கம் பச்சை. "படத்துல காக்கி, போன்ல பச்சை. நான் எதைத்தான் நம்பறது? கொஞ்சம் யோசிச்சு சொல்றோம் மதினி" என்று வைத்துவிட்டார்.

பெண் வீட்டில் அந்த 'யோசிச்சு சொல்றோம்' என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று தெரியாதவர்கள் யாரும் இல்லை. அம்மா சோபாவில் உட்கார்ந்துவிட்டார். அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹேமா அழுதாள். செந்திலை அவளுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. வீட்டில் யாருக்கும் சொல்லாமல் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

அழுது முடித்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். "டேய் அண்ணா, மதுரைக்கு டிக்கெட் போடு."

அப்பா பதறினார். "கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு மாப்பிள்ளை வீட்டுப் படி ஏறக் கூடாதும்மா. அந்த வழக்கம் நமக்கு இல்ல."

"படி ஏறினாத்தானேப்பா?" என்றாள்.

"போகட்டும் விடுங்க" என்றார் அம்மா. "கெடுத்தவனே கூட்டிட்டுப் போகட்டும்."

மறுநாள் முதல் விமானத்தில் கிளம்பினோம். புடவையை மடித்துப் பெட்டியில் வைக்கச் சொன்னால் கேட்கவில்லை, கட்டிக்கொண்டேதான் வருவேன் என்றாள். தில்லி விமான நிலையத்தில் முழு நிச்சயதார்த்த அலங்காரத்தோடு என் தங்கை வரிசையில் நின்றாள். பின்னால் நான், ஏதோ ஓடிப்போகிற ஜோடிக்குத் துணை போகிறவன் மாதிரி. சோதனை செய்த பெண் காவலர் சிரித்துக்கொண்டே, "ஷாதி ஹை க்யா, மேடம்?" என்றார், கல்யாணமா என்று. "ஹோனேவாலி தீ" என்றாள் ஹேமா. நடப்பதாக இருந்தது என்று அர்த்தம். அந்த அம்மாள் என்னை முறைத்தார். தில்லி போலீஸுக்கு எப்படித்தான் தெரிகிறதோ!

மதுரையில் அவர்கள் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். ஹேமா வாசலிலேயே நின்றுகொண்டாள். உள்ளே பார்த்து உரக்கச் சொன்னாள்:

"அத்தை! வழக்கம் எனக்குத் தெரியும், உள்ள வர மாட்டேன். நீங்க வெளில வந்து பாருங்க."

எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. உள்ளே யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்துச் செந்திலின் அம்மா, ஒரு கையைக் கைத்தடியிலும் ஒரு கையைச் சுவரிலுமாக ஊன்றி, மாவுக்கட்டுக் காலை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். அந்த வெயிலில் புடவை மயில் கழுத்தேதான். நீலமும் பச்சையும் மாறி மாறி அடித்தது. அவர் முந்தானையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கரையைத் தடவினார்.

"ஏத்தா, இது என் புடவைதான்" என்றார். அப்புறம் உதடு கோணியது.

"நாலு கடை ஏறி இறங்கி எடுத்தேன்டி இதை. நீ கட்டி நான் பாக்கக் குடுத்து வைக்கலையேன்னு நேத்தெல்லாம் காலைத் தூக்கி வச்சுக்கிட்டு போனையே பாத்துக்கிட்டு கெடந்தேன். கடைசில வருது காக்கி! எனக்கு வந்த ஆத்திரத்துல என்னென்னமோ பேசிட்டேன். மனசுல வச்சுக்காத."

"நானும் கோவமாத்தான் கிளம்பினேன் அத்தை" என்றாள் ஹேமா. அவளும் அழுதாள். தெருவே பார்த்தது. எனக்கும் கண் கலங்கியது, வெயில் என்று சமாளித்தேன்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏன் தம்பி, புதுசா எடுத்த புடவையைப் பழசாக்கிக் காட்டறதுக்குன்னு ஒரு மெசினு. அதைக் காசு குடுத்தா வாங்குன?"

அன்றிலிருந்து இதற்குப் பதில் தயாரித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் அமையவில்லை.

சாப்பிடாமல் அனுப்ப மாட்டேன் என்றார். படி ஏறக் கூடாதே? வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, இட்லியும் குடல் குழம்பும் வெளியே வந்தன. "நீ உள்ள வந்து உக்காந்து சாப்பிடு தம்பி, உனக்குத் தடையில்ல" என்று என்னை மட்டும் கூப்பிட்டார். "வேணாம் அத்தை, அவனும் வெயில்லயே இருக்கட்டும்" என்றாள் என் உடன்பிறப்பு.

சாப்பிட்டதும் அத்தை பக்கத்தில் ஹேமாவை உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு படம் எடுங்கப்பா" என்றார். என் கை தானாகத் தோள்பைக்குள் போனது. "நீ இல்ல!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். எதிர்வீட்டு அக்கா தன் போனில் எடுத்தார். ஆன்மாவும் இல்லை, ஒன்றும் இல்லை. மயில் கழுத்து மயில் கழுத்தாக இருந்தது.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. எனக்குப் பன்னீர் தெளிக்கும் வேலை கொடுத்தார்கள். சித்தி என் பையைச் சோதித்துவிட்டுத்தான் மண்டபத்துக்குள் விட்டார்.

ஹேமாவின் குர்காவ்ன் வீட்டு ஹாலில், நிச்சயதார்த்தப் படமாக இன்றைக்கும் மாட்டியிருப்பது எதிர்வீட்டு அக்கா எடுத்த அந்தப் படம்தான். அதில் பட்டுப்புடவையில் ஹேமா, பக்கத்தில் மாவுக்கட்டோடு மாமியார், கையைக் கோத்துக்கொண்டு. செந்தில் கிடையாது. வருகிறவர்கள் கேட்கும்போதெல்லாம் அவன், "என் நிச்சயத்துல என் மச்சான் என் தோளை மட்டும்தான் எடுத்தாப்ல, அதை மாட்ட முடியாதே" என்று விளக்கம் சொல்லிக் களைத்துப்போய்விட்டான்.

போன வாரம் அவர்கள் மகள், நாலு வயசு, அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் வந்து ரகசியமாகக் கேட்டாள்:

"மாமா, மம்மி பாட்டிகூடவா ஷாதி பண்ணாங்க?"

நான் யோசித்தேன். இந்த வீட்டில் யார் யாரிடம் போய் நின்று, யாரைச் சம்மதிக்க வைத்தார்கள் என்று எனக்குத்தானே தெரியும்?

"ஆமாம்" என்றேன்.