ஆளில்லாத அறையில் எரிந்த விளக்கு

என் மனைவியின் தம்பியும், நான் பேசும்போது குறுக்கே பேசாமல் கேட்கும் ஒரே உறவினருமான மச்சானுக்கு, அத்தான் ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் அக்காவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. சிரித்துச் சிரித்து இப்போது விலாதான் வலிக்கிறதாம். யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் மகள் கார்ட்டூன் கம்பெனியில் வேலை பார்ப்பது உனக்குத் தெரியும். இத்தனை நாள் அடுத்தவர் கதைக்கு மரமும் மேகமும் வரைந்துகொண்டிருந்தவளை நம்பி, முதல் தடவையாக ஒரு முழு எபிசோடைக் கொடுத்திருந்தார்கள். பேய்ப் படங்களைக் கிண்டல் செய்யும் கதை. ஒரு குடும்பம் புது வீட்டுக்குக் குடிவருகிறது, பேய்ப் படத்தில் வருகிற மாதிரியே விளக்கு தானாக அணைகிறது, குழாய் தானாக மூடிக்கொள்கிறது, தாழ்ப்பாள் தானாக விழுகிறது, எல்லோரும் அலறுகிறார்கள். கடைசியில் பார்த்தால் அந்தப் பேய்க்கு யாரையும் பயமுறுத்தும் எண்ணமே கிடையாது. ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அதற்குப் பொறுக்காது, அவ்வளவுதான். "ரொம்பப் பொறுப்பான பேயா இருக்கேம்மா" என்று மனதாரப் பாராட்டினேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை பார்.

வினை என்னவென்றால், பேய்க்குக் குரல் கொடுக்க வந்தவர் நிஜப் பேய் மாதிரி உறுமித் தள்ளிவிட்டார். முதலாளியம்மா கேட்டுவிட்டு, "எனக்கே பயமா இருக்கு, இதுல சிரிப்பு எங்கே? சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணலைன்னா இந்த எபிசோடை ஓரமா வெச்சிடலாம்" என்று சொல்லிவிட்டார்களாம். இது எதுவும் தெரியாமல் அன்றைக்குப் பார்த்து, மகள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு நான் அங்கே போனேன். வரவேற்பில் ஆள் இல்லை. நீளமாக ஒரு நடை, அதன் கோடியில் மெத்தை வைத்துத் தைத்த மாதிரி ஒரு கதவு, கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு. பட்டப்பகலில் எதற்கு சிவப்பு விளக்கு என்று சுவிட்சைத் தேடினேன், கிடைக்கவில்லை. கதவைத் தள்ளினால் உள்ளே விளக்கெல்லாம் எரிகிறது, ஏசி ஓடுகிறது, ஒரு ஈ காக்கா இல்லை. நான் வேலைக்காலம் முழுக்க ஸ்டோர் கீப்பராக இருந்தவன், எனக்கு எப்படி இருக்கும் சொல்லு! "யாருமே இல்ல, இந்த லைட்டு யாருக்காக எரியுது? ஏசி யாருக்கு, நாற்காலிக்கா? ஏன், அதுக்கு வேர்க்குதா?" என்று கத்திக்கொண்டே எல்லாவற்றையும் அணைத்தேன்.

அணைத்த பிறகுதான் எதிரே கண்ணாடி இருப்பதும், அதற்கு அந்தப் பக்கம் ஆட்கள் உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது. அது குரல் பதிவு செய்கிற அறையாம். உறுமல்காரர் வெந்நீர் குடிக்கப் போயிருக்கிறார், மைக் திறந்தே இருக்கிறது, நான் கத்தினது அத்தனையும் பதிவாகிக்கொண்டிருக்கிறது. முதலாளியம்மா பக்கத்தில் என் மகள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். மச்சான், பொண்ணுக்குக் கிடைச்ச முதல் வாய்ப்பை நானே கெடுத்துட்டேனே! சாப்பாட்டை வெச்சுட்டு ஓடிடலாமான்னு பார்த்தேன், அதுக்குள்ள மேலே இருந்த ஸ்பீக்கர்ல முதலாளியம்மாவோட குரல்: "சார், அந்த நாற்காலியை இன்னொரு தடவை திட்டுங்க."

திட்டினேன். அப்புறம் குழாயைத் திட்டச் சொன்னார்கள், தாழ்ப்பாளைத் திட்டச் சொன்னார்கள், ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்கிறவர்களைத் திட்டச் சொன்னார்கள். எதற்கும் எனக்கு ஒத்திகை தேவைப்படவில்லை. உறுமல்காரருக்குச் சொல்லிக்கொடுக்க மாதிரிக்குப் பதிவு செய்கிறார்கள் போல என்று நினைத்துத் திருப்தியாக வீடு திரும்பினேன்.

நேற்று முழு எபிசோடையும் வீட்டில் போட்டுக் காட்டினாள். பேய் பேசுவது என் குரல். அது போகட்டும். பேயின் தோளில் என் துண்டு. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே வீடு முழுக்கத் தேடுகிறது. பூட்டின கதவைத் திரும்ப வந்து இழுத்துப் பார்க்கிறது. இதெல்லாம் நான் அங்கே போவதற்கு முன்பே வரைந்தது! "இது யாரும்மா?" என்று கேட்டேன். மகள் அவள் அம்மாவைப் பார்த்தாள். உன் அக்கா, "இதென்ன கேள்வி, கல்யாணமான நாள்லேர்ந்து நான் பார்த்துட்டு இருக்கிற படமாச்சே" என்று சோபாவில் சாய்ந்து சிரிக்கிறாள்.

கடைசியில் பேயோட்டுகிற ஆள் வருகிறார். பேயும் மரியாதையாகத் துண்டை மடித்துக்கொண்டு கிளம்புகிறது. அந்த வீட்டுப் பெண் குறுக்கே வந்து நின்று, "அவரை அனுப்பாதீங்க. நாங்க தூங்கினப்புறம் கதவு பூட்டியிருக்கான்னு அவர்தான் பார்க்கிறார். அந்த தைரியத்துலதான் நாங்க தூங்குறோம்" என்கிறாள். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அது வேறு விஷயம்.

விஷயம் என்னவென்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை டிவியில் இதை ஊரே பார்க்கப்போகிறது. எதிர்வீட்டுக்காரர், வங்கி மேனேஜர், என்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும்தான். நான் எப்படித் தெருவில் தலைகாட்டுவது? நீ தாய்மாமன், நீ சொன்னால் கேட்பாள். உடனே போன் போட்டு, "அப்பாவோட குரலை எடுத்துட்டு வேற யாரையாவது போடு" என்று கண்டிப்பாகச் சொல்லு. அவளுடைய வேலைக்குக் கெடுதல் இல்லாமல் பக்குவமாகச் சொல்லு.

நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு, ஆனால் என்னைப் பார்த்துச் சிரிக்காமல், நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மானம் போகக் காத்திருக்கும்
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது மகள் வந்தாள். உன் அக்கா போட்டுக்கொடுத்திருக்கிறாள். "அப்பா, உங்களுக்குச் சங்கடமா இருந்தா சொல்லிடுங்க. இன்னும் நேரம் இருக்கு, வேற ஆளைப் பேச வெச்சிடுறேன்" என்றாள். "யாரை?" என்றேன். "முதல்ல பேசினாரே, அவரைத்தான்." எனக்கு வந்ததே கோபம்! "அந்த உறுமல்காரனா? ஒரு விளக்கை அக்கறையா அணைச்சிருப்பானா அவன்? என்னை மாத்தினா நானே உன் முதலாளியம்மாகிட்ட வந்து நியாயம் கேட்பேன்" என்று கத்திவிட்டேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். ஆகவே, போன் கீன் எதுவும் போட்டுவிடாதே. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு, அக்கம்பக்கத்தையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பாரு. பேய் யாருன்னு எவனாவது கேட்டா, தயங்காம, எங்க அத்தான்னு சொல்லு.