ஜெர்மன் பாட்டில் ஒரு 'பாரேன்'

பெண் பார்க்க வருகிறவர்களைப் பெண் நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஒரு சபையையே துணைக்கு வைத்துக்கொண்டு அதை மீறியவள் நான்.

தொண்ணூறுகளில், ரங்கூனில் (யாங்கோன் என்று சொல்ல எங்கள் வாய்க்கு இன்னும் வரவில்லை) எங்கள் தமிழ்ச் சபைக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு போதகர் வருவதாக இருந்தது. மாலை ஆராதனையில் அவர் பாஷையிலேயே சிமியோனின் பாட்டைப் பாடி அசத்திவிட வேண்டும் என்று பாடகர் குழுத் தலைவியான எனக்குத் தோன்றியது. குழந்தை இயேசுவைக் கண்ட கிழவர், 'பார்த்துவிட்டேன், இனி நிம்மதியாகப் போகவிடும்' என்று ஆண்டவரிடம் கேட்கும் பாட்டு அது. கேசட்டில் காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். போவதற்கு ஜெர்மன்காரர்கள் சொல்லும் 'ஃபாரன்', என் கைவண்ணத்தில் 'பாரேன்' ஆகிவிட்டது. (பெரிய மேதை என்று நினைப்பு.)

அதே மாலையில்தான் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள தன்லியின் ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து வாசலோரக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்ப்பதாக ஏற்பாடு. அதற்கு முன் வந்தவர்கள் எல்லாரும் வேண்டாம் என்று போயிருந்தார்கள்.

"இதுவும் தட்டிப்போனா வெளியில தெரியக் கூடாதுடி. பாத்துட்டுக் கமுக்கமா போயிடுவாங்க," என்றாள் அம்மா.

பாட்டு தொடங்கியது. யார் முகத்தையாவது பார்த்தால் சிரிப்பு வரும், வாசலையே பாருங்கள் என்று குழுவிடம் சொல்லி வைத்திருந்தேன். 'பாரேன்' உள்ள வரி குரலுக்குக் குரல் மாறி மாறி வரும். பெண்கள் வாசலைப் பார்த்து "பாரேன்" என்றார்கள். ஆண்கள் இன்னும் அழுத்தமாக "பாரேன், பாரேன்" என்றார்கள். சபை எவ்வளவு நேரம்தான் பொறுக்கும்? முன் பெஞ்சு திரும்பியது. பிறகு எல்லாரும் திரும்பினார்கள். கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்த ஜெர்மன் போதகர் ஒருவர்தான் பாக்கி.

"யாரு, தன்லியின் மேரி அக்காவா? மகனுக்குப் பொண்ணு பாக்கவா வந்தீங்க?" என்றது ஒரு குரல்.

என் மானம் அங்கேயே போயிற்று.

வெளியே மேரி அக்கா முகம் கொடுத்துப் பேசவில்லை. மகன் கோ தானியேல் (பர்மாக்காரர்களைப் போல நாங்களும் மரியாதைக்கு 'கோ' போட்டுத்தான் கூப்பிடுவோம்) மட்டும் என்னிடம் வந்தார்.

"எல்லாரும் திரும்பிப் பாத்ததும் உடம்பே கூசிப்போச்சுங்க. உங்களுக்கு ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் இருக்குமா?"

அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "ஆமாங்க," என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

இப்போதும் என் மாமியாராகிவிட்ட மேரி அக்கா இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னால், முடிவை அவர் சொல்ல விடமாட்டார் என் கணவர்.

"பாட்டுல வர்ற அந்தத் தாத்தா பாத்ததும் போகணும்னு கேட்டாரு. நானும் பாத்துட்டுப் போகத்தான் வந்தேன். உங்கம்மா இன்னும் விடல, பாரேன்."