வழிமொழியார் எதிர்த்த மசோதா

"மறுபடியும் பல்லா?" என்று கேட்டார் வழிமொழியார்.

"கடவாய்ப் பல். விண்ணு விண்ணுன்னு தெறிக்குது" என்றாள் மனைவி, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே.

"போன வாரம் முன்பல்லுன்னு சொன்னே?"

"அது சரியாயிடுச்சு. நம்ம டாக்டருக்கு ராசியான கை."

கதவு சாத்திக்கொண்டது. வழிமொழியார் பல்லைக் கடித்தார்.

அவருக்கு இந்தப் பெயரை வைத்தது நாடாளுமன்றம். தேர்தலுக்குத் தேர்தல் ஜெயித்து வந்தாலும், அவையில் அவர் எழுந்து சொன்னது "வழிமொழிகிறேன்" என்ற ஒரே வார்த்தைதான். யாராவது எதையாவது முன்மொழிந்தால் வழிமொழிவார், உடனே உட்கார்ந்துவிடுவார். சொந்தமாக ஒரு மசோதா கொண்டுவரக் கூடாதா என்றால் "பார்க்கலாம்" என்பார். வீட்டிலும் அதே பதில்தான். குழாய் ஒழுகினாலும் பார்க்கலாம். கணக்கு டீச்சரான மனைவி சாயங்காலம் பஸ்ஸில் வந்து வீங்கிய காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு புலம்பினாலும், பேப்பருக்குப் பின்னாலிருந்து பார்க்கலாம்.

அந்த 'நம்ம டாக்டர்' அவையில் அவருக்குப் பக்கத்து இருக்கைக்காரர். அதே கட்சி, புது உறுப்பினர், பல் டாக்டர். சாயங்காலமானால் இன்னமும் கிளினிக்கில் உட்காருவார். வந்த வேகத்திலேயே, அரசு கொண்டுவராமல் உறுப்பினரே தன் பேரில் கொடுக்கிற தனிநபர் மசோதா ஒன்றைக் கொடுத்துவிட்டார். நாட்டிலுள்ள எல்லா பஸ் நிறுத்தங்களிலும் உட்கார இருக்கை வேண்டும் என்பது மசோதா.

"படிச்சீங்களா? ஒரு ஆம்பளைக்கு இவ்வளவு கரிசனமான்னு இருக்கு" என்றாள் மனைவி, ராத்திரி சாப்பாட்டின்போது. "நிக்கிறவங்க கஷ்டம் அவருக்குத்தான் புரிஞ்சிருக்கு."

"பெரிய கரிசனம்! அவன் மட்டும் என்ன, பஸ்லயா போறான்?"

"நீங்களும்தான் கார்ல போறீங்க. உங்களுக்குத் தோணுச்சா?"

வழிமொழியாருக்கு வயிறு பற்றி எரிந்தது. ஆளுக்கு வயதும் கம்மி, பல்லும் வெள்ளை, இப்போது சட்டமும் வரப்போகிறது. அது நிறைவேறிவிட்டால் மனைவி கண்ணில் தனக்கு இனி என்ன மரியாதை? எப்பாடு பட்டாவது அந்த மசோதாவைத் தீர்த்துக்கட்டிவிடுவது என்று அவர் முடிவு செய்தார்.

சும்மா இருந்திருந்தாலே அது தானாகச் செத்திருக்கும். தனிநபர் மசோதாக்கள் வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும். பாதி அவை வீட்டுக்குப் போயிருக்கும், மீதி அவை கண்ணை மூடியிருக்கும். அறிமுகமாகி, அச்சாகி, அலமாரியில் தூங்கிவிடும். அறிமுகக் கட்டத்தில் யாரும் எதிர்ப்பதும் வழக்கமில்லை.

வழிமொழியார் எழுந்தார். "எதிர்க்கிறேன்!"

தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் விழித்துக்கொண்டார்கள். சபாநாயகரே மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எழுந்தது யார் என்று பார்த்தார்.

"இவர் எதிர்க்கிறாரா? அப்ப இதுல என்னமோ இருக்கு!" என்று எதிர்க்கட்சி வரிசையில் ஒருவர் கத்தினார். "பஸ் ஸ்டாப்புல அரசு எதை மறைக்குது?"

கேன்டீனில் இருந்த நிருபர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் பஸ் நிறுத்தம்தான் முதல் பக்கம்.

தாழ்வாரத்தில் டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை."

'கிண்டலா பண்றே, இருடா' என்று மனசுக்குள் கறுவிக்கொண்டு வழிமொழியார் பல்லைக் கடித்தார்.

அடுத்து, மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று தீர்மானம் கொடுத்தார். குழுவுக்குப் போனது எதுவும் லேசில் திரும்பி வராது. போன புண்ணியவான்கள் கூட்டம் போட்டு, பிஸ்கட் தின்று, கலைந்துவிடுவார்கள்.

"ஏற்கப்பட்டது" என்றார் சபாநாயகர். "தீர்மானம் கொண்டுவந்தவரே குழுவுக்குத் தலைவராக இருப்பது இந்த அவையின் மரபு. வாழ்த்துகள்."

வழிமொழியார் தலையில் கைவைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தால் மனைவி வாசலிலேயே நின்றாள்.

"தலைவராமே! டாக்டர் போன் பண்ணிச் சொன்னார். ரொம்ப சந்தோஷப்பட்டார். அவருக்கு ஒத்தாசையா இருங்க, என்ன?"

போன் வேறு! வழிமொழியாருக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் முதல்முறையாக ஒரு மசோதாவை வரிக்கு வரி படித்தது அப்போதுதான். எங்கே குறை சொல்லலாம் என்று தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. மூட்டுவலிக்காரர்கள் கை ஊன்றாமல் எழுந்திருக்க இருக்கை எவ்வளவு உயரம் வேண்டும் என்பதுகூட இருந்தது. அளவுகளெல்லாம் பள்ளிக்கூடக் கணக்கு மாதிரி படிப்படியாகப் போட்டிருந்தன. பல் பிடுங்குகிறவனுக்கு முட்டியைப் பற்றி எப்படித் தெரியும் என்று அதற்கும் ஒரு பொறாமை வந்தது.

குறை இல்லாவிட்டால் என்ன, கனத்தில் மூழ்கடித்துவிடலாம். திருத்தத்துக்கு மேல் திருத்தமாகச் சேர்த்தார். இருக்கைக்கு முதுகு சாயப் பலகை வேண்டும். மேலே கூரை வேண்டும். விளக்கு வேண்டும். குடிதண்ணீர் வேண்டும். செலவைப் பார்த்ததும் நிதி அமைச்சர் மசோதாவைத் தூக்கிக் குப்பையில் போடுவார் என்று காத்திருந்தார்.

நிதி அமைச்சர் கூப்பிட்டு அனுப்பினார். கூடவே கட்சிக் கொறடாவும் உட்கார்ந்திருந்தார். உறுப்பினர்கள் எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று உத்தரவு போடுகிற ஆள் அவர்.

"கூரை உங்க யோசனையாமே?" என்றார் அமைச்சர்.

"ஆமாங்க. செலவு கன்னாபின்னான்னு ஆகும். வேண்டாம்னா விட்டுடலாம்."

"விடுறதாவது! தேர்தல் வருது. ஒரு பாலம் கட்டுற காசுல நாடு பூரா நம்ம கூரை நிக்கும். அரசே முழுசா ஆதரிக்கும்."

கொறடா தொண்டையைக் கனைத்தார். "எல்லாரும் ஆதரிச்சுத்தான் ஓட்டுப் போடணும்னு உத்தரவு போட்டாச்சு. மீறினா பதவி போயிடும். அப்புறம், டாக்டர் முன்மொழியும்போது வழிமொழிய ஒரு ஆள் வேணும். உங்களை விட்டா யாரு இருக்கா?"

கடைசி வாசிப்பு நாளில் அவை நிரம்பி வழிந்தது. பார்வையாளர் மாடத்தில் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள், அதுவும் நல்ல புடவை கட்டிக்கொண்டு. யாருக்காகக் கட்டினாளோ என்று வழிமொழியார் மேலே பார்க்காமலே வெந்தார். டாக்டர் எழுந்து, மசோதாவை நிறைவேற்றித் தர வேண்டும் என்று முன்மொழிந்தார், சிரித்தார், உட்கார்ந்தார்.

அவையே திரும்பி வழிமொழியாரைப் பார்த்தது.

அவர் இத்தனை வருஷமாகத் தூக்கத்தில்கூடச் சொல்லக்கூடிய வார்த்தை அது. இன்றைக்குத் தொண்டையில் மாட்டிக்கொண்டது. பல்லைக் கடித்து, முழு பலத்தையும் திரட்டி, "வழிமொழிகிறேன்" என்றார். வாய்க்குள் பட்டென்று ஏதோ உடைந்தது.

கைதட்டல் ஓயவில்லை. மேலவையும் அன்றைக்கே மசோதாவை மறுபேச்சில்லாமல் நிறைவேற்றிவிட்டது. வழிமொழியார் வீங்கிய கன்னத்தோடு சாயங்காலமே கிளினிக் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். அந்த ஊரில் நல்ல பல் டாக்டர் வேறு யாரும் இல்லை என்பது அவர் தலையெழுத்து.

"கடவாய்ப் பல் ரெண்டா பிளந்திருக்குண்ணே. ரொம்ப நாளா நறநறன்னு கடிச்சிருக்கீங்க போல" என்றார் டாக்டர். ஊசி போட்டார். மரத்துப்போகட்டும் என்று வாயில் பஞ்சை அடைத்துவிட்டு, வாழ்த்துச் சொல்ல வந்த போனைப் பேச வெளியே போனார்.

அறையில் நர்ஸம்மா மட்டும் கருவிகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கிளினிக் ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிற, வாய் ஓயாத மனுஷி. இதைவிட்டால் சமயம் வராது என்று வழிமொழியார் பஞ்சை நாக்கால் ஒதுக்கிக்கொண்டு, மனசில் அரித்ததைக் கேட்டேவிட்டார்.

"என் வீட்டுக்காரிக்கு... அப்படி எந்தப் பல்லுல... என்னதான் கோளாறு?"

"டீச்சரம்மாவுக்கா? அவங்க இந்த நாற்காலியில உட்கார்ந்ததே இல்லையே சார்! வாராவாரம் வந்து அந்த மேஜைகிட்ட உட்கார்ந்து இந்த பஸ் ஸ்டாப் மசோதாவை எழுதினாங்க. 'என் வீட்டுக்காரர்கிட்ட கொடுத்தா பார்க்கலாம்னு சொல்லியே காலத்தை ஓட்டிடுவார், உங்க பேர்ல போடுங்க டாக்டர், வயித்தெரிச்சல்லயே அவர் சட்டமாக்கிக் கொடுத்துடுவார்'னு முதல் நாளே சொன்னாங்க."