காலில் தடவிய மீனெண்ணெய்

குழந்தை இருக்கிற வீட்டுக்கு ஒரு வாசம் உண்டு. பாலும் பவுடரும் வெயிலில் காய்ந்த துணியும் கலந்த வாசம். அதற்காகவே சனம் வந்து பிள்ளையை மடியில் வாங்கும். என் மூத்த மகள் மனோ குழந்தையாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்த சனம் வாசல் படலையடியில் நின்றே சுகம் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனது.

வெள்ளைக்காரன் கப்பல்களோடு துறைமுகத்தை விட்டுப் போய்க் கொஞ்சக் காலம். என் புருஷன் துறைமுகத்தில் லோஞ்ச் படகு ஓட்டினார். கலியாணம் முடித்து நெடுநாள் காத்திருந்து பெற்ற பிள்ளை மனோ. அதிலும் நிறமான பிள்ளை. (நான் அடுப்புக்கரி நிறம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வந்த நிறத்தை விட மனம் வருமா?) வெயில் பட்டால் கறுக்கும், தெருவில் காட்டினால் கண்ணூறு படும். அறை யன்னலைச் சாத்தி, அதற்கு மேல் சாக்கும் தொங்கவிட்டு, பொன்னைப் போல் பொத்தி வைத்திருந்தேன்.

மற்றப் பிள்ளைகள் ஓடித் திரிகிற வயதில் மனோ வைத்த இடத்தில் வைத்த பூசணிக்காயாக இருந்தாள். தூக்கி நிறுத்தினால் கால் இரண்டும் வெளிப்பக்கமாக வளையும். மாமி, அதாவது இவருடைய தாய், ஒரு நாள் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னா:

"காலைப் பார்த்தியோ? பொம்பிளைப் பிள்ளை. நடக்காட்டி நாங்கள் செத்தாப் பிறகு ஆர் பாக்கிறது?"

மறுநாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன்.

கிளினிக்கில் மிஸ்ஸி (நர்சை அப்படித்தான் கூப்பிடுவோம்) பிள்ளையின் மணிக்கட்டையும் காலையும் அமத்திப் பார்த்தா.

"பிள்ளையை வெயிலுக்குக் காட்டுறேல்லையோ?"

"கறுத்துப் போகும் மிஸ்ஸி."

மிஸ்ஸி அலுமாரியிலிருந்து ஒரு போத்தலை எடுத்தா. "வெயில் படாத பிள்ளைக்கு விற்றமின் டி குறையும். அது குறைஞ்சால் எலும்பு உரம் வைக்காது, வளையும். காலமை வெயிலிலை கொஞ்சம் விடுங்கோ. இந்த மீனெண்ணெயை நாளுக்கு ஒரு தேக்கரண்டி பருக்குங்கோ."

பிள்ளை முதல் கரண்டியை மாமியின் சீலையில் துப்பியது. இரண்டாவதை என் முகத்தில் துப்பியது. மாமி சீலையை மணந்து பார்த்துவிட்டு, "இது பிள்ளைக்குக் குடுக்கிறதோ, வள்ளத்துக்குப் பூசுறதோ?" என்றா.

அந்தக் கதைதான் என்னைக் கெடுத்தது. என் தகப்பன் வீட்டில் வள்ளத்தைக் கரையேற்றினால் சுறா எண்ணெய்தான் பூசுவார்கள். அது ஊறிய பலகை வெடிக்காது, வளையாது. நான் படித்தது இரண்டாம் வகுப்பு. ஆனால் பலகையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. வளைந்திருப்பது கால். எண்ணெய் போகவேண்டியதும் காலுக்கு. இதில் வாய்க்குள் போய், வயிற்றைச் சுற்றி இறங்குவானேன்? காலிலேயே பூசினால் நேரே போகுமே. மிஸ்ஸி பட்டணத்தில் படித்தவ, வள்ளம் கண்டிருக்கமாட்டா என்று எனக்குள் ஒரு இரக்கம்கூட வந்தது.

காலையும் மாலையும் இடுப்பிலிருந்து பாதம் வரை உருவி உருவிப் பூசினேன். யன்னல் சாத்தியபடியே. (வெயில் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.) பூட்டிய அறையில் அந்த மணம் குழம்பு போலத் தடித்தது. இவர், "லோஞ்சிலை நல்ல காத்து" என்று சொல்லிப் பாயைச் சுருட்டிக்கொண்டு போனவர், வேலையில்லாத நாளிலும் அங்கேதான் படுத்தார். மீன் சந்தைப் பூனைகள் சந்தையைக் கைவிட்டு எங்கள் குசினிக் கூரையில் குடியேறின. கதவு கொஞ்சம் திறந்தால் போதும், உள்ளே வந்து பிள்ளையின் காலை நக்கும். பிள்ளை கெக்கட்டமிட்டுச் சிரிக்கும். அந்த வீட்டில் அந்த நாளில் சிரித்தது அது ஒன்றுதான்.

அடுத்த கிளினிக் நாள் வந்தது. பஸ்ஸில் என் பக்கத்தில் நிலாவெளிக் கருவாட்டு வியாபாரி ஒருவர், மடியில் கருவாட்டுப் பெட்டியோடு இருந்தார். சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"குறை நினைக்காதைங்கோ தங்கச்சி. நான் பிறந்தது முதல் இந்தச் சாமானோடைதான். ஆனால் இது ஏலாது. கொஞ்சம் அங்கால இருங்கோ."

கிளினிக் வரிசை எனக்குத் தானாக வழி விட்டது. மரியாதை என்று நினைத்து நிமிர்ந்து நடந்தேன்.

"எண்ணெய் முடிஞ்சுதோ?" மிஸ்ஸி கேட்டா.

"ஓம் மிஸ்ஸி. ஒரு துளி வீணாக்கேல்லை."

"பிள்ளை குடிக்குதோ?"

"குடிக்காது. காலிலை பூசினனான்." மிஸ்ஸி விளங்காமல் பார்த்ததால் பொறுமையாக விளக்கினேன். "வள்ளத்துக்குப் பூசுறனாங்களெல்லோ, பலகை வளையாமல். அதுபோலத்தான்."

வாங்குப் பலகையில் இருந்த ஒருத்தி, "அப்ப ரெண்டு கோட் தாரும் அடிச்சிருக்கலாம்" என்றாள். கிளினிக் முழுக்கச் சிரித்தது. சுவரில் இருந்த பல்லியும் சிரித்ததாகத்தான் எனக்கு ஞாபகம்.

மிஸ்ஸி சிரிக்கவில்லை. பிள்ளையை மேசையில் நிறுத்தினா. கால் முன்னையிலும் கூட வளைந்தது.

"தங்கச்சி, பலகை செத்த மரம். இது வளருற எலும்பு. உள்ளுக்கை போனால்தான் பிடிக்கும். இன்னும் விட்டால் பிறகு நிமிர்த்தேலாது."

சிரிப்பு நின்றது. சிரித்துக்கொண்டே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

திரும்பும்போது பஸ் ஏற முகமில்லை. கடற்கரையோரமாக நடந்தேன். பத்திரமாகப் பொத்திப் பொத்தி நான்தான் பிள்ளையை முடமாக்கிவிட்டேன் என்று அழுதுகொண்டே நடந்தேன். பிள்ளையைப் போர்த்தியிருந்த துணியில் முகத்தைத் துடைத்தேன். பிறகு அதைத் திரும்பப் போர்த்தவில்லை. வெயில் நேராக அதன் காலில் விழுந்தது.

மறுநாள் முதல் மாமி மூக்கைப் பிடிக்க, நான் காலைப் பிடிக்க, எண்ணெய் உள்ளே போயிற்று. காலையில் முற்றத்தில் பாய் விரித்துப் பிள்ளையை இருத்தினோம். பழைய உறவை மறக்காமல் பூனைகளும் வந்து சுற்றி இருந்தன. மாதங்கள் போயின. நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன். ஒரு காலை, கிணற்றுக்கட்டில் ஏறிய பூனையைப் பிடிக்க மனோ கட்டைப் பிடித்து எழும்பினாள். பூனை நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள்.

மாமி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நடக்குது. கறுத்தும் போச்சு" என்றா. அந்த நிறம் பிறகு வரவேயில்லை.

பிள்ளையை நடக்க வைத்த மரியாதைக்கு, அன்று தொடக்கம் எங்கள் வீட்டில் எந்தப் பூனைக்கும் பெயர் மிஸ்ஸிதான். மீன் வெட்டினால், "மிஸ்ஸிக்குத் தலை வைச்சாச்சோ?" என்று இவர் கேட்பார். இப்போது மனோவின் பிள்ளைகள் கேட்கிறார்கள். யாருக்காவது கால் உளைந்தால், "அம்மம்மாட்டைப் போங்கோ, வள்ளத்துக்குப் பூசுற எண்ணெய் வைச்சிருக்கிறா" என்பார்கள். மனோதான் எல்லோரிலும் பெரிதாகச் சிரிப்பாள்.

நானும் சிரிப்பேன். அவளுடைய இடது காலில் இன்னும் ஒரு சின்ன வளைவு இருக்கிறது. சீலை கட்டினால் தெரியாது. எனக்குத் தெரியும்.