கற்பனைக் குடும்பத்துக்குக் கடன் கொடுத்தவர்

வாசகப் பெருமக்களே, இன்று நாம் காணவிருப்பது பயிற்சிப் பிரியர் என்னும் அபூர்வ இனம். ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள்; ஆனால் அவரவர் நாற்காலியில் காண்பதுதான் அபூர்வம்.

நம்மவர் வங்கியில் வீட்டுக்கடன் மேலாளர். கழுத்தில் நாடா கட்டிய பெயரட்டை. குளிக்கும்போது மட்டும் கழற்றுகிறார் என்று மனைவி சொல்லக் கேள்வி. ‘வளரும் சந்தைகளில் வீட்டுமனை நிதி’ என்று எங்கே பயிற்சி நடந்தாலும், குளிரூட்டிய அரங்கின் முதல் வரிசையில் அமர்ந்து, இலவசப் பேனாவில் இரண்டை எடுத்துக்கொண்டு, “கேள்வி இல்லீங்க, ஒரு சின்னக் கருத்து” என்று எழுந்து, சாப்பாட்டு நேரம் வரை அதைச் சொல்லிவிட்டு, குழுப் படத்தில் நட்டநடுவே நின்றுவிடுவார். வேலை? அது திரும்பி வந்த பிறகு. எப்போது வருவார்? யாருக்குத் தெரியும்!

சென்ற பயிற்சியில் ஒரு கற்பனைக் குடும்பத்தைக் கொடுத்தார்கள். மனைவி தையற்கடை, கணவன் வேன் ஓட்டுநர், சம்பளச் சீட்டு கிடையாது. வீட்டுக்கடன் தரலாமா? நம்மவர் பொங்கி எழுந்தார்.

“சீட்டு இல்லைன்னா வருமானமே இல்லையா? கடையைப் போய்ப் பாருங்க! ஒழுங்கா வாடகை கட்டுறாங்களே, அது சான்று இல்லையா?”

குரல் தழுதழுத்தது. அரங்கம் கைதட்டியது. கடன் கிடைத்தது.

திரும்பி வந்த அன்று அவர் அறைக்கு வெளியே நிஜமான தையற்கார அம்மா ஒருவர், கணவரோடு. நடையாய் நடந்தவர்கள். சாயங்காலத்துக்குள் கடன் உறுதியாகாவிட்டால் அவர்கள் பேசிவைத்த வீட்டை வேறு ஆளுக்கு விற்றுவிடுவேன் என்று அதன் சொந்தக்காரர் சொல்லிவிட்டார்.

“சம்பளச் சீட்டு?”

“சொந்தக் கடை சார். எனக்கு நானே சீட்டு எழுதிக்கிட்டா ஒத்துப்பீங்களா? கடைக்கு வந்து பாருங்க. வாடகை ஒரு மாசம்கூடத் தவறினதில்ல.”

நம்மவர் துள்ளினார். “அடடே! அப்படியே எங்க பயிற்சிக் குடும்பம்மா நீங்க!”

“அவங்களுக்குக் கடன் கெடச்சுதா சார்?”

“காபி ஆறுறதுக்குள்ள! என்னா கைதட்டல்ங்கறீங்க!”

“அப்போ எங்களுக்கு?”

முகம் முத்திரைக் கட்டைபோல் இறுகியது. “அம்மா, அது கற்பனைக் குடும்பம். கடன் கட்டாம ஓடிப்போக அவங்களால முடியாது. நீங்க நிஜம். நிஜத்துல எவ்வளவு ரிஸ்க் இருக்கு தெரியுமா?”

“எந்திரி, போகலாம்,” என்றார் கணவர். “நாம பொறந்ததுதான் தப்பு.”

சாயங்காலம் வீடு கைமாறியது. நம்மவருக்குத் தெரியாது. ‘வாடிக்கையாளரின் குரலுக்குச் செவிகொடுப்பது எப்படி’ என்னும் அடுத்த பயிற்சிக்கு ரயிலேறியிருந்தார்.

“அச்சு அசலா எங்க ஆபீஸ் ஆளு!” என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்த அம்மாவுக்காக மனம் கொஞ்சம் கசிந்தும் இருக்கும். கசியட்டும், அவரும் கற்பனைதானே, உங்களுக்கு என்ன நஷ்டம்? முடிந்ததும் கொஞ்சம் தலையை நிமிர்த்தி வாசல் பக்கம் பாருங்கள். நீங்கள் இதைப் படித்து முடிக்கட்டும் என்று ரொம்ப நேரமாய் யாரோ நிற்கிறார்.